உலக அரசியல் பொருளாதாரத்தில் இறுதியாண்டு ஆய்வேடு எழுதுவது எப்படி

உலக அரசியல் பொருளாதாரத்தில் இறுதியாண்டு ஆய்வேடு எழுத முன்வரும் மாணவர் நெறியாளரிடம் முதலில் கொண்டுவருவது பெரும்பாலும் ஒரு தலைப்பைத்தான். 'உலகமயமாதலும் வளரும் நாடுகளும்', 'பன்னாட்டு நாணய நிதியத்தின் பங்கு', 'சீனாவின் எழுச்சி' போன்றவை வாழ்நாள் முழுவதும் எழுதினாலும் தீராத பரப்புகள். ஒன்றிரண்டு பருவங்களில், அறுபது எழுபது பக்கங்களில், அவற்றைப் பற்றிப் புதிதாக எதையும் நிறுவ இயலாது. எழுதி முடிக்கும்போது கையில் இருப்பது பாடநூலின் சுருக்கமாகவே இருக்கும். அப்படியொரு பரப்பிலிருந்து ஒரே ஒரு கேள்விக்கு இறங்குவதும், அந்தக் கேள்வியைச் சான்றுகளின் துணையோடு விடைவரை கொண்டுசெல்வதும் எப்படி என்பதே இங்கு விளக்கப்படுகிறது.

இந்தத் துறை எதைக் கேட்கிறது என்பதை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். ஒரு பொருளாதார முடிவை எடுத்தவர் யார், அதை எடுக்கும் அதிகாரம் அவருக்கு எங்கிருந்து வந்தது, ஆதாயம் யாரைச் சேர்ந்தது, சுமை யார் தலையில் விழுந்தது: எவ்வளவு சிக்கலான ஆய்வானாலும் இந்த நான்கையே சுற்றிவருகிறது. வட்டி விகிதம் உயர்ந்தால் முதலீடு எவ்வளவு குறையும் என்பது பொருளியலாளரின் கேள்வி. வட்டியை உயர்த்தச் சொன்னவர் யார், அதை மறுக்க ஒரு நாட்டால் முடிந்ததும் அண்டை நாட்டால் முடியாமற்போனதும் ஏன் என்பது நம்முடைய கேள்வி. ஆய்வேட்டின் ஒரு பக்கத்தில் அதிகாரம் பற்றிய பேச்சே இல்லையென்றால், அல்லது பணமும் பண்டமும் பற்றிய பேச்சே இல்லையென்றால், அந்தப் பக்கம் வேறொரு துறைக்கு வழிதவறிப் போய்விட்டது என்று கொள்ளலாம்.

தலைப்பிலிருந்து கேள்விக்கு இறங்குதல்

'வேளாண் மானியங்களும் வளரும் நாடுகளும்' என்ற தலைப்பை எடுத்துக்கொள்வோம். செல்வந்த நாடுகள் தம் உழவர்களுக்குத் தரும் மானியம் உலகச் சந்தையில் விலையைத் தாழ்த்துகிறது, அதனால் ஏழை நாட்டு உழவர் பாதிக்கப்படுகிறார் என்பது பலரால் பலமுறை சொல்லப்பட்டுவிட்டது. அதையே மீண்டும் சொல்ல ஓர் ஆய்வேடு தேவையில்லை. ஆனால் பருத்தி என்ற ஒரே பயிருக்குள் இறங்கிப் பார்த்தால் நிலைமை மாறுகிறது. 2002 செப்டம்பரில் பிரேசில், அமெரிக்காவின் பருத்தி மானியங்களை எதிர்த்து உலக வர்த்தக அமைப்பில் வழக்குத் தொடுத்தது. டிஎஸ்267 என்பது அந்த வழக்கின் எண். பெனின், புர்கினா ஃபாசோ, சாட், மாலி ஆகிய நான்கு ஆப்பிரிக்க நாடுகளின் ஏற்றுமதி வருவாயோ பிரேசிலைக் காட்டிலும் பன்மடங்கு பருத்தியையே நம்பியிருந்தது. அவை தாமாக வழக்குத் தொடுக்கவில்லை. 2003இல், உலக வர்த்தக அமைப்பின் உறுப்பு நாடுகள் நடத்திய தோஹா சுற்று வர்த்தகப் பேச்சுவார்த்தையில் பருத்திக்கெனத் தனிக் கோரிக்கை ஒன்றை முன்வைத்தன. பெனினும் சாடும் பிரேசிலின் வழக்கில் மூன்றாம் தரப்பாக மட்டும் சேர்ந்துகொண்டன.

அதிகம் இழந்துகொண்டிருந்தவர்கள் மன்றாடினார்கள். ஒப்பளவில் குறைவாக இழந்தவர் வழக்காடினார். ஏன்? இதுதான் ஆய்வுக் கேள்வி. இதில் ஒரு குறிப்பிட்ட முடிவு இருக்கிறது, அதற்குத் தேதி இருக்கிறது, எடுத்தவர் இருக்கிறார், வேறு முடிவை எடுத்தவரும் ஒப்பிடுவதற்கு அருகிலேயே இருக்கிறார், நடந்தது நாம் எதிர்பார்ப்பதற்கு மாறாகவும் இருக்கிறது. போதாக்குறைக்கு வழக்கின் ஆவணங்கள் உலக வர்த்தக அமைப்பின் இணையதளத்தில் யாரும் படிக்கும்படி கிடக்கின்றன. விளைவும் சிந்திக்கத் தக்கது. 2005இல் மேல்முறையீட்டு அமைப்பு பிரேசிலின் பக்கம் தீர்ப்பளித்தது. 2009இல் அமெரிக்கப் பண்டங்களுக்கு வரியை உயர்த்துவது போன்ற பதிலடி நடவடிக்கைக்கான உரிமையும் பிரேசிலுக்குக் கிடைத்தது. அமெரிக்கா தன் மானியத் திட்டங்களை முழுமையாக மாற்றிக்கொள்வதற்குப் பதிலாக, ஆண்டுக்கு 14.73 கோடி டாலர் வீதம் பிரேசிலின் பருத்தித் துறைக்குத் தர 2010இல் உடன்பட்டது. 2014இல் மேலும் 30 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. ஆப்பிரிக்க நாடுகள் நான்குக்கும் இத்தகைய பணம் எதுவும் வரவில்லை.

தங்களிடம் இருப்பது கேள்வியா தலைப்பா என்று ஐயமிருந்தால், 'இது நடந்ததே, அது ஏன் நடக்கவில்லை?' என்ற வாக்கியத்தில் 'அது' என்ற இடத்தை நிரப்பிப் பாருங்கள். நிரப்ப முடியவில்லையென்றால் கேள்வி இன்னும் பிறக்கவில்லை. நிரப்பிய பிறகு, அந்த மாற்று உண்மையிலேயே நடந்திருக்கக்கூடியதுதானா என்றும் பார்க்க வேண்டும். புர்கினா ஃபாசோ வழக்குத் தொடுத்திருக்கலாம் என்பது ஏற்கத்தக்க மாற்று. அமெரிக்கா தானாக முன்வந்து எல்லா மானியத்தையும் நிறுத்தியிருக்கலாம் என்பது வெறும் விருப்பம்.

நடந்துகொண்டிருக்கும் நிகழ்வுகளை எடுப்பதில் எச்சரிக்கை வேண்டும். 2025 ஏப்ரலில் அமெரிக்கா அறிவித்த சுங்கவரிகளில் பெரும்பகுதி ஒரு வாரத்திலேயே 90 நாட்களுக்கு நிறுத்திவைக்கப்பட்டு, பிறகு பலமுறை மாற்றப்பட்டது. அத்தகைய ஒன்றைப் பற்றி எழுதுபவர் ஒவ்வொரு செய்தி வரும்போதும் ஓர் அத்தியாயத்தைத் திருத்திக்கொண்டிருப்பார். அதே ஆர்வத்தை 2018 மார்ச்சில் எஃகுக்கு 25 சதவீதமும் அலுமினியத்துக்கு 10 சதவீதமும் விதிக்கப்பட்ட நிகழ்வின் மீது திருப்பினால், யாருக்கு விலக்குக் கிடைத்தது, யார் பதிலடி கொடுத்தார், எந்தப் பண்டங்களைக் குறிவைத்துக் கொடுத்தார் என்பதெல்லாம் பதிவாகியிருக்கிறது.

கோட்பாடு எவ்வளவு வேண்டும்

பல ஆய்வேடுகளில் இரண்டாம் அத்தியாயம் ஒரு கோட்பாட்டு அருங்காட்சியகமாக இருக்கும்: யதார்த்தவாதம், தாராளவாதம், மார்க்சியம், சார்புக் கோட்பாடு, மேலாதிக்க நிலைப்புக் கோட்பாடு என்று ஒவ்வொன்றுக்கும் ஐந்து பக்கம். அதன்பின் ஆய்வேடு முடியும்வரை அவற்றில் ஒன்றுகூடத் திரும்ப வராது. தேர்வாளர்கள் இந்த அத்தியாயத்தைப் புரட்டிவிட்டுப் போவதில் வியப்பில்லை. கோட்பாட்டின் வேலை ஒன்றுதான்: உங்கள் கேள்விக்கு ஒன்றோடொன்று போட்டியிடும் விடைகளைத் தருவது.

பருத்திக் கேள்விக்கே இதைப் பொருத்திப் பார்க்கலாம். அதிகாரத்தை முதன்மையாகக் கொள்ளும் நோக்கு, பிரேசிலின் சந்தை பெரியது, பதிலடி கொடுத்தால் அமெரிக்காவுக்கு வலிக்கும், அமெரிக்க உதவியை எதிர்பார்த்திருந்த நாடுகளுக்கு அந்த வலிமை இல்லை என்று விடை சொல்லும். நிறுவனங்களை முதன்மையாகக் கொள்ளும் நோக்கு, வழக்காடத் தேவையான சட்ட அறிவும் செலவும் யாரிடம் இருந்தன என்று பார்க்கும். வளரும் நாடுகளுக்குக் குறைந்த கட்டணத்தில் சட்ட உதவி தரும் ஆலோசனை மையம் 2001இலேயே ஜெனீவாவில் தொடங்கப்பட்டிருந்தும் அது ஏன் போதவில்லை என்று கேட்கும். உள்நாட்டு நலன்களைப் பார்க்கும் நோக்கு, பிரேசிலில் பெருநிலப் பருத்தி உற்பத்தியாளர்கள் அமைப்பாகத் திரண்டிருந்ததையும், ஆப்பிரிக்காவில் சிறு உழவர்களுக்கும் சந்தைக்கும் இடையே அரசு சார்ந்த பருத்தி நிறுவனங்கள் நின்றதையும் சுட்டும். இத்துறையின் முன்னோடி அறிஞர்களில் ஒருவரான சூசன் ஸ்ட்ரேஞ்ச் பாதுகாப்பு, உற்பத்தி, நிதி, அறிவு என நான்கு அமைப்புகளில் அதிகாரம் குடியிருப்பதாகச் சொன்னார். அவற்றில் நான்காவதான அறிவு இங்கே கவனத்துக்குரியது: மானியத்தால் உலக விலை எவ்வளவு தாழ்ந்தது என்பதை நிறுவப் பிரேசில் ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகப் பொருளியலாளரின் கணிப்பு மாதிரியைப் பயன்படுத்தியது. அத்தகைய கணிப்பைச் செய்விக்கும் வசதியே ஓர் அதிகாரம்.

இப்படி மூன்று அல்லது நான்கு விடைகள் எதிரெதிரே நிற்கும்போதுதான் ஆய்வு உயிர்பெறுகிறது. உங்களுக்குப் பிடித்த விடையை மட்டும் வைத்துக்கொண்டு அதற்கு ஆதரவான மேற்கோள்களைத் திரட்டுவது வழக்கறிஞரின் வேலை. எதிர்விடையை அதன் வலுவான வடிவில், அதை நம்புபவரே ஏற்றுக்கொள்ளும்படி எழுதிவிட்டு, பிறகு சான்று எந்தப் பக்கம் சாய்கிறது என்று காட்டுங்கள். என் கணிப்பில், சராசரி ஆய்வேட்டுக்கும் சிறந்த ஆய்வேட்டுக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் இந்த ஓர் இடத்தில்தான் தீர்மானமாகிறது.

முன்னாய்வுகளை மீளாய்வு செய்வதற்கும் இதே ஒழுங்கைப் பின்பற்றலாம். 'இன்னார் இவ்வாறு கூறுகிறார், மற்றவர் அவ்வாறு கூறுகிறார்' என்று ஆசிரியர் வரிசையில் அடுக்காமல், எந்த விடையின் பக்கம் யார் நிற்கிறார்கள் என்று தொகுக்க வேண்டும். உரையாடும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் தரும் நூல் விவரங்களை மூலத்தைக் கண்ணால் பார்க்காமல் அடிக்குறிப்பில் சேர்க்கக் கூடாது. எழுதப்படாத கட்டுரைகளுக்கும் அவை பக்க எண் கொடுத்துவிடுகின்றன.

ஆய்வு முறை: ஒரு நிகழ்வைக் கிட்டத்தில் பார்த்தல்

மாணவர்கள் அதிகம் அஞ்சும் பகுதி இது. பெரும்பாலான இறுதியாண்டு ஆய்வேடுகளுக்கு இரண்டு நாடுகளின் ஒப்பீடும், ஒரு நிகழ்வின் படிப்படியான தடமறிதலும் போதுமானவை. இவ்விரண்டும் எப்படி ஒன்றையொன்று நிறைவு செய்கின்றன என்பதை 1997 ஆசிய நிதி நெருக்கடியில் காணலாம்.

1997 ஜூலை 2 அன்று தாய்லாந்து தன் நாணயமான பாட்டின் நிலையான மாற்று விகிதத்தைக் கைவிட்டது. ஆகஸ்டில் பன்னாட்டு நாணய நிதியத்தின் கடனையும் அதன் நிபந்தனைகளையும் ஏற்றது. அதே புயலில் சிக்கிய மலேசியா நிதியத்திடம் கடன் வாங்கவில்லை. 1998 செப்டம்பர் 1 அன்று பணம் நாட்டைவிட்டு வெளியேறுவதைத் தடுக்கும் மூலதனக் கட்டுப்பாடுகளை அறிவித்து, மறுநாள் ஒரு டாலருக்கு 3.80 ரிங்கிட் என்று விகிதத்தை நிலைநிறுத்தியது. அருகருகே இருக்கும், ஏற்றுமதியை நம்பியிருக்கும், வெளிநாட்டு மூலதனத்துக்குக் கதவைத் திறந்துவைத்திருந்த இரண்டு நாடுகள் எதிரெதிர்த் திசையில் போனது ஏன்?

ஒப்பீடு முதல் விடையைத் தருகிறது. தாய்லாந்தின் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் டாலரில் குறுகிய காலக் கடனைப் பெருமளவில் வாங்கிக் குவித்திருந்தன. மலேசியாவின் குறுகிய கால வெளிநாட்டுக் கடன் அதைவிடக் குறைவு. எனவே உடனடியாக டாலர் தேடி நிதியத்தின் வாசலுக்குப் போகும் கட்டாயம் மலேசியாவுக்கு இருக்கவில்லை. விடை கச்சிதமாகத் தோன்றுகிறது. பல மாணவர்கள் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். ஆனால் தேதிகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் ஓர் இடறல் தட்டுப்படும். நெருக்கடி தொடங்கியது 1997 ஜூலையில். கட்டுப்பாடு வந்தது பதினான்கு மாதங்கள் கழித்து. இடையில், 1997 டிசம்பரில், அன்றைய நிதியமைச்சர் அன்வர் இப்ராகிம் அரசுச் செலவைக் குறைக்கும் சிக்கன நடவடிக்கைகளை அறிவித்தார். நிதியம் இல்லாமலேயே நிதியத்தின் கொள்கை என்று அதைப் பலர் வருணித்தனர். கடனின் அமைப்பு இந்த மாதங்களில் தலைகீழாக மாறிவிடவில்லை. அப்படியானால் மாறாத ஒன்றைக் கொண்டு மாறிய ஒன்றை எப்படி விளக்குவது?

தடமறிதல் தொடங்குவது இங்கே. உயர்ந்த வட்டி எந்த நிறுவனங்களை நெரித்தது, அவற்றுக்கும் ஆளுங்கட்சிக்கும் என்ன தொடர்பு, பிரதமர் மகாதீர் முகமதுவுக்கும் அன்வருக்கும் இடையிலான பிளவு எந்த மாதத்தில் வெளிப்பட்டது என்று ஒவ்வொரு கண்ணியையும் சான்றோடு கோக்க வேண்டும். ரிங்கிட்டின் விகிதம் நிலைநிறுத்தப்பட்ட அதே செப்டம்பர் 2 அன்று அன்வர் பதவி நீக்கப்பட்டார் என்பது தற்செயலா, ஒரே முடிவின் இரு பாதிகளா? கடனின் அமைப்பு மலேசியாவுக்கு இடம் கொடுத்தது, உள்நாட்டு அரசியல் காலத்தைத் தீர்மானித்தது என்ற முடிவுக்கு நீங்கள் வரலாம். சிங்கப்பூரில் நடந்த ரிங்கிட் வணிகம் தந்த அழுத்தமே முதன்மையானது என்றும் வாதிடலாம். எதுவானாலும், எந்தச் சான்று கிடைத்தால் எந்த விடை விழும் என்பதைத் தேடலைத் தொடங்குமுன் ஒரு தாளில் எழுதிவைத்திருக்க வேண்டும்.

கட்டுப்பாடுகளால்தான் மலேசியா மீண்டதா என்பது இதிலிருந்து வேறுபட்ட கேள்வி. இரண்டையும் கலக்கக் கூடாது. 1998இன் பிற்பகுதியில் கட்டுப்பாடு விதிக்காத அண்டை நாடுகளிலும் நெருக்கடியின் உச்சம் கடந்து வட்டி இறங்கத் தொடங்கியிருந்ததால், மீட்சிக்கு உரிய பங்கு யாருக்கு என்பதில் பொருளியலாளர்கள் இன்றும் உடன்படவில்லை. ஒரு முடிவு ஏன் எடுக்கப்பட்டது என்று கேட்டவர், அது நல்ல முடிவா என்ற தீர்ப்பையும் சேர்த்துச் சொல்லத் தேவையில்லை.

புள்ளியியல் முறையைக் கையாள விரும்புவோருக்கு ஒரு சொல். நிதியத்தின் கடன் திட்டத்தில் இருந்த நாடுகளையும் இல்லாத நாடுகளையும் ஒப்பிட்டு, முன்னவற்றின் வளர்ச்சி குறைவு, ஆகவே நிதியம் வளர்ச்சியைக் கெடுக்கிறது என்று முடிவுகட்டுவது இத்துறையில் அடிக்கடி காணப்படும் பிழை. நிதியத்தை நாடிய நாடுகள் நாடும் முன்பே நெருக்கடியில் இருந்தவை. இந்தத் தேர்வுச் சாய்வைக் கையாளும் வழி உங்களுக்குத் தெரியாவிட்டால், நூறு நாடுகளின் தரவைத் தரவிறக்குவதைவிட இரண்டு நாடுகளை ஆழமாகப் பார்ப்பதே மேல்.

எண்களை நம்பும் முன்

உலக வங்கி, பன்னாட்டு நாணய நிதியம், ஐ.நா. வர்த்தக வளர்ச்சி மாநாடு, பன்னாட்டுத் தீர்வு வங்கி ஆகியவற்றின் தரவுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றைப் பதிவிறக்குவது சில நிமிட வேலை. அவை எதை அளக்கின்றன என்று அறிவதற்குப் பல நாட்கள் ஆகும். ஒவ்வொரு தரவுத் தொகுப்புடனும் வரும் விளக்கக் குறிப்பைப் படிக்காமல் ஓர் எண்ணைக்கூட அட்டவணையில் ஏற்றக் கூடாது என்பதில் நெறியாளர்கள் இன்னும் கண்டிப்பாக இருக்கலாம்.

வர்த்தகத் தரவிலிருந்து தொடங்குவோம். ஐ.நா.வின் வர்த்தகத் தரவுத் தளமான காம்ட்ரேட்டில் ஒரு நாடு இன்னொரு நாட்டுக்கு அனுப்பியதாகச் சொல்லும் தொகையும், அந்த இன்னொரு நாடு பெற்றதாகச் சொல்லும் தொகையும் பெரும்பாலும் ஒத்துப்போகா. ஏற்றுமதி கப்பலில் ஏற்றும்வரையிலான மதிப்பில் பதிவாகிறது. இறக்குமதி மதிப்பில் காப்பீடும் சரக்குக் கட்டணமும் சேர்ந்திருக்கும். ஹாங்காங் போன்ற இடைத் துறைமுகத்தின் வழியே போகும் சரக்கைப் புறப்பட்ட நாடு ஒருவிதமாகவும் சேர்ந்த நாடு வேறுவிதமாகவும் கணக்கில் எடுக்கலாம். வரி வசூலிக்க வேண்டியிருப்பதால் இறக்குமதிப் பதிவில் சுங்கத்துறை கூடுதல் கவனம் செலுத்தும் என்று பொதுவாகக் கருதப்படுகிறது. ஆயினும் எந்தப் பக்கத்தின் எண்ணை எடுத்தீர்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும். பண்டங்களை வகைப்படுத்தச் சுங்கத்துறைகள் பயன்படுத்தும் எச்.எஸ். குறியீடு முதல் ஆறு இலக்கங்கள் வரைதான் எல்லா நாடுகளுக்கும் பொது. 5201 என்றால் சிக்கெடுக்காத பஞ்சு என்பது எங்கும் ஒன்றே. ஆறு இலக்கத்துக்கு அப்பால் ஒவ்வொரு நாடும் தன் விருப்பப்படி பிரிக்கிறது. குறியீட்டு முறை 1996, 2002, 2007, 2012, 2017, 2022 ஆண்டுகளில் திருத்தப்பட்டதால், நீண்ட காலத் தொடரில் திடீரென்று ஓர் ஏற்றமோ இறக்கமோ தெரிந்தால், அதற்குப் பொருளாதாரக் காரணம் தேடுமுன் அது திருத்த ஆண்டா என்று பாருங்கள்.

அந்நிய நேரடி முதலீட்டுத் தரவு இதைவிட வழுக்கலானது. நெதர்லாந்தும் லக்சம்பர்க்கும் மொரீஷியஸும் பட்டியலின் முன்வரிசையில் நிற்பது அங்குள்ளவர்களின் சேமிப்பால் அன்று. வரி ஒப்பந்தங்களின் வசதிக்காகப் பணம் அவ்வழியே போகிறது. மொரீஷியஸிலிருந்து இந்தியாவுக்கு வந்த முதலீட்டின் வரலாற்றை எழுதும் ஒருவர், மூலதன ஆதாய வரி தொடர்பாக 2016இல் திருத்தப்பட்ட இருநாட்டு வரி ஒப்பந்தத்தைப் பேசாமல் எழுதினால், பணம் கடந்துபோன வாசலையே அதன் ஊர் என்று எழுதியவராவார்.

அரசியல் சூடு மிகுந்த கூற்றுகளைச் சோதிக்கும் முறைக்கு இலங்கையின் கடன் நல்ல பயிற்சிக் களம். 2022 ஏப்ரல் 12 அன்று அந்நாடு வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியபோது, சீனா வேண்டுமென்றே கடனில் சிக்கவைக்கிறது என்ற பொருளில் 'சீனக் கடன்பொறி' என்ற சொல் எங்கும் ஒலித்தது. சீனக் கடனில் கட்டப்பட்ட அம்பாந்தோட்டைத் துறைமுகம் கடனைக் கட்ட முடியாததால் பறிக்கப்பட்டது என்று பல மாணவர்கள் அடிக்குறிப்போடு எழுதுகிறார்கள். ஆவணங்கள் சொல்வது வேறு. 2017இல் ஒரு சீன நிறுவனத்துக்கு 99 ஆண்டுக் குத்தகை கொடுத்து இலங்கை பெற்ற 112 கோடி டாலர், துறைமுகம் கட்ட வாங்கிய கடனை அடைக்கப் பயன்படவில்லை. அந்நியச் செலாவணிக் கையிருப்பைத் தாங்கப் பயன்பட்டது. சீன ஏற்றுமதி-இறக்குமதி வங்கியின் கடன் அப்படியே நீடித்தது. நிறுத்தத்தின்போது வெளிநாட்டுக் கடனில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் பன்னாட்டு இறையாண்மைப் பத்திரங்கள், அதாவது தனியார் முதலீட்டாளர்களிடம் வாங்கியவை. சீனாவின் பங்கு சுமார் 10 சதவீதம் என்ற எண்ணும் புழங்குகிறது, ஏறத்தாழ 20 சதவீதம் என்ற எண்ணும் புழங்குகிறது. இரண்டையும் எழுதியவர்கள் பொய்யர்கள் அல்லர். முதலாவதில் அரசு நிறுவனங்களின் பெயரில் உள்ள கடன்கள் விடுபட்டுள்ளன, இரண்டாவதில் சேர்ந்துள்ளன.

இந்த இடத்தில் ஒரு நல்ல ஆய்வுக் கேள்வி தானாகவே எழுவதைக் கவனியுங்கள். இலங்கையின் கடன் மறுசீரமைப்பில் சீன ஏற்றுமதி-இறக்குமதி வங்கி அரசுக் கடன் வழங்குநராக நடத்தப்பட்டது. அதே அரசுக்குச் சொந்தமான சீன வளர்ச்சி வங்கி வணிகக் கடன் வழங்குநராக நடத்தப்பட்டது. யார் எந்தப் பெட்டியில் வைக்கப்படுகிறார் என்பதைப் பொறுத்து அவர் ஏற்கும் இழப்பும் பேச்சுவார்த்தை மேசையும் மாறுகின்றன. அந்தப் பெட்டிகளை வரைந்தவர் யார் என்பதே ஓர் ஆய்வேட்டுக்குப் போதும்.

குறியீட்டெண்களையும் தரவரிசைகளையும் கையாளும்போது ஒவ்வொரு நாட்டிலும் தொழில் நடத்துவது எவ்வளவு எளிது என்று அளந்த, உலக வங்கியின் தொழில் செய்தல் அறிக்கையை நினைவில் கொள்ளலாம். 2003 முதல் வெளிவந்த அந்த அறிக்கையின் தரவரிசையைக் காட்டி அரசுகள் சட்டங்களையே மாற்றின. 2018, 2020ஆம் ஆண்டு அறிக்கைகளின் தரவில் முறைகேடுகள் கண்டறியப்பட்டபின் 2021 செப்டம்பரில் உலக வங்கி அதை நிறுத்திவிட்டது. அந்த எண்களை அளவுகோலாகப் பயன்படுத்திய ஆய்வுகள் ஆட்டம் கண்டன. அந்த எண்கள் எப்படி உருவாயின என்று ஆராய்வதற்கோ புதிய வழி திறந்தது.

ஆவணங்களும் நேர்காணல்களும்

இத்துறையில் மாணவர்கள் குறைவாகப் பயன்படுத்தும் செல்வம் முதன்மை ஆவணங்கள்தான். நிதியத்திடம் கடன் கேட்கும் நாடு எழுதும் விருப்பக் கடிதம், உறுப்பு நாடுகளின் பொருளாதாரத்தைப் பற்றி நிதிய அலுவலர்கள் தயாரிக்கும் நான்காம் பிரிவு அறிக்கை, உலக வர்த்தக அமைப்பின் வர்த்தகக் கொள்கை மீளாய்வு ஆகியவற்றை இலவசமாகப் படிக்கலாம். நிதியத்தின் நிர்வாகக் குழுக் கூட்டக் குறிப்புகள் குறிப்பிட்ட காலம் கழிந்தபின் திறக்கப்படுகின்றன; ஒரு கடனுக்கு எந்த நாட்டின் பிரதிநிதி என்ன தயக்கம் காட்டினார் என்பதை அங்கே பார்க்க முடியும். இத்தகைய ஆவணங்களைப் படிக்கும்போது மொழியின் கட்டுப்பாட்டைப் புரிந்துகொள்ள வேண்டும். விருப்பக் கடிதத்தில் அரசின் கையெழுத்து இருந்தாலும், அதன் வாசகங்கள் நிதிய அலுவலர்களோடு பேசி இசைந்தவை. ஒரே நாட்டின் அடுத்தடுத்த இரண்டு கடிதங்களை அருகருகே வைத்து, எந்த நிபந்தனை காணாமற்போனது, எந்தக் காலக்கெடு தள்ளிப்போனது என்று குறித்துப் பாருங்கள். பேரம் நடந்த இடம் அங்கேதான் புலப்படும்.

நேர்காணல் எடுக்க எண்ணினால், பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிமுறைக் குழுவின் ஒப்புதலுக்கு முதல் மாதத்திலேயே விண்ணப்பிக்க வேண்டும். பதவியில் இருப்பவரைவிட ஓய்வு பெற்ற அதிகாரியும் பேச்சுவார்த்தையாளரும் விரிவாகப் பேசுவார்கள். அதே வேளையில் தம் பங்கைச் சற்றுப் பெரிதாக்கியும் பேசுவார்கள். ஆவணங்களைப் படித்து முடித்தபின், அவற்றில் விடை கிடைக்காத இரண்டு மூன்று கேள்விகளோடு போவதே பயன் தரும்.

எழுதுவதும் வாய்மொழித் தேர்வும்

முன்னுரையிலிருந்து எழுதத் தொடங்காதீர்கள். நிகழ்வை விவரிக்கும் அத்தியாயத்தை முதலில் எழுதுங்கள். தேதிவாரியான ஒரு காலவரிசை அதற்கு முதுகெலும்பாகட்டும். அதன்பின் போட்டி விடைகளைச் சோதிக்கும் அத்தியாயம், பிறகு முன்னாய்வுகள், கடைசியாக முன்னுரை. எந்த விடை வென்றது என்று தெரிந்தபின்தான் வாசகருக்கு எதைச் சொல்லித் தொடங்குவது என்பது தெளிவாகும். அட்டவணை ஒவ்வொன்றின் கீழும் தரவு எடுத்த தளம், தேதி, அலகு மூன்றையும் உடனுக்குடன் குறித்துக்கொள்ளுங்கள். நிலையான விலையா நடப்பு விலையா, சந்தை மாற்று விகிதமா, நாடுகளின் விலைவாசி வேறுபாட்டைச் சரிக்கட்டும் வாங்கும் திறன் சமநிலையா என்பதைக் குறிக்காத எண்ணுக்குப் பொருளில்லை; வாங்கும் திறன் அளவில் சீனப் பொருளாதாரம் அமெரிக்காவைக் கடந்துவிட்டது, சந்தை விகிதத்தில் கடக்கவில்லை என்ற இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை.

'அமெரிக்கா விரும்பியது', 'சீனா எண்ணுகிறது' என்ற வாக்கியங்களைத் திருத்தப் படியில் தேடிப் பிடியுங்கள். நாடுகள் விரும்புவதில்லை, நிதியமைச்சகம் ஒன்றை விரும்பும், வெளியுறவு அமைச்சகம் வேறொன்றை விரும்பும், பருத்தி விவசாயிகளின் தொகுதியிலிருந்து வந்த உறுப்பினர் மூன்றாவது ஒன்றை விரும்புவார். எழுவாயை மாற்றி எழுத முயலும்போதுதான், உங்களுக்குத் தெரியாத இடம் எது என்று உங்களுக்கே தெரியவரும். அந்த இடத்தை நிரப்ப இயலாவிட்டால் வரம்புகள் என்ற பகுதியில் வெளிப்படையாக எழுதிவிடுங்கள். நேரமும் பணமும் போதவில்லை என்ற பொதுவான வரிகளுக்கு அங்கே வேலையில்லை. எந்த ஆவணம் கிடைக்கவில்லை, அது கிடைத்திருந்தால் எந்த விடை எப்படி மாறியிருக்கும் என்பதே அங்கு வர வேண்டும்.

வாய்மொழித் தேர்வில் கேட்கப்படக்கூடிய கேள்விகள் மூன்று வகைக்குள் அடங்கும்: ஏன் இந்த நாடுகளைத் தேர்ந்தெடுத்தீர்கள், இந்த எண்ணை எங்கிருந்து எடுத்தீர்கள், எந்தச் சான்று கிடைத்தால் உங்கள் முடிவைக் கைவிடுவீர்கள். முதல் இரண்டுக்கும் ஆய்வேட்டிலேயே பதில் இருக்கும். மூன்றாவதற்கான பதில், தேடலைத் தொடங்குமுன் எழுதிவைத்த அந்தத் தாளில் இருக்கிறது. தேர்வுக்குப் போகும்போது அதையும் எடுத்துச் செல்லுங்கள்.